மனந்திரும்பினவரோட சனிக்கிழமை சம்பளம்

பல்லடத்தான்
16 பிப்ரவரி 2024, இரவு

நேராவே கேட்டுடறேன். வயசு 26. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில லைன் சூப்பர்வைசர். பிளஸ் டூ லீவுல ஒரு வாலிபர் முகாம்ல அழுது ஒப்புக்கொடுத்தேன். அப்புறம் ஞானஸ்நானம். இப்போ சபையில கீபோர்டு வாசிக்கிறேன். ஆனா உள்ளுக்குள்ள ஒண்ணும் மாறலை. பேச்சு மட்டும் மாறியிருக்கு. முன்னால "கஷ்டமா இருக்கு"ன்னு சொன்ன இடத்துல இப்போ "கர்த்தர் பார்த்துக்குவார்"ங்கிறேன். சுத்திப் பார்த்தா எல்லாரும் அப்படித்தான் தெரியறாங்க. புதுச்சிருஷ்டின்னு வேதம் சொல்றது நிசமா நடக்குறதா, இல்ல எல்லாருமா சேர்ந்து நடிக்கிறோமா? நடந்திருக்குன்னா அதை எதை வெச்சுத் தெரிஞ்சுக்கிறது?

கணக்குக்காரி
16 பிப்ரவரி, இரவு

சம்பளம் வாங்குறவங்களைக் கேளு தம்பி. உன்னைக் கேட்டுக்காதே, பாஸ்டரையும் கேக்காதே.

நான் பார்ட் டைமா சில கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுறவ. எல்லாம் டேலிதான். அதுல ரெண்டு மூணு முதலாளிங்க நம்ம ஆளுங்க, அதாவது விசுவாசிங்க. ஒருத்தர் கதை சொல்றேன், பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். சபையில சாட்சி சொல்லும்போது கேக்கணும் நீ. ரெண்டு சிங்கர் மிசினோட வாடகை ஷெட்டுல ஆரம்பிச்சது, கர்த்தர் எப்படி ஓவர்லாக் கொடுத்தார், பேட்லாக் கொடுத்தார், கட்டிங் டேபிள் கொடுத்தார்னு வரிசையா சொல்லுவார். கேக்குறவங்க கண்ணுல தண்ணி வரும். எனக்கும் வந்திருக்கு. மறுநாள் காலைல அவர் ஆபீசுக்குப் போய் உக்காந்து லெட்ஜரைத் திறந்தா, ஆளுங்க சம்பளத்துல 12 சதவீதம் பிஎஃப் பிடிச்சிருக்கு, கட்டலை. அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள்ள கட்ட வேண்டியது, மாசக்கணக்கா நிக்குது. அவரோட பங்கு 12 சதவீதத்தைக் கட்டலைன்னா அது பாக்கி. தையக்காரம்மா சம்பளத்துலேர்ந்து எடுத்ததைக் கட்டலைன்னா அதுக்கு வேற பேரு. சட்டமே அதை நம்பிக்கை மோசடின்னுதான் சொல்லுது.

கேட்டேன். "நூல் விலை ஏறிக்கிடக்குதுங்கம்மா, கர்த்தர் ஒரு வழி திறப்பார், ஜெபத்துல வெச்சிருக்கேன்"னார்.

வரி வசூல்ல ஏமாத்திப் பணக்காரனான சகேயு வீட்டுக் கதையை இப்போ எடுத்துப் படி. லூக்கா 19. அந்த ஆள் கண்ணீர் விட்டதா அதுல ஒரு வார்த்தை இல்லை. எழுந்து நின்னான், தொகை சொன்னான். ஆஸ்தியில பாதி ஏழைகளுக்கு, அநியாயமா வாங்கினது நாலத்தனையா திருப்பி. அதைக் கேட்டுட்டுத்தான் இன்னிக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்துச்சுங்கிறார் இயேசு. கணக்கு எழுதுறவளுக்குப் புரியுற மாதிரி வேதத்துல இருக்கிற மனந்திரும்புதல் அது ஒண்ணு.

கணக்குக்காரி
17 பிப்ரவரி

"நியாயந்தீர்க்காதிருங்கள்"னு நாலு பேர் வந்து போட்டுட்டுப் போயிருக்கீங்க. அதுல ஒருத்தர் "ஸ்தோத்திரம் சிஸ்டர்"னு ஆரம்பிச்சு, நான் எந்த சபை, அபிஷேகம் பெற்றவளா இல்லையான்னு விசாரிச்சிருக்கார். சி.எஸ்.ஐ.-ல பொறந்தவ. வீட்டுக்காரர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போறவர். எங்க ஊட்டுல ஞாயித்துக்கிழமை ரெண்டு வண்டி ரெண்டு பக்கம் போகும், மத்தியானம் கறிக்குழம்புக்கு ஒண்ணா வந்து சேரும்.

அந்த முதலாளி நரகத்துக்குப் போவார்னு நான் எழுதலை. பிஎஃப் கட்டலைன்னு எழுதினேன். அது தீர்ப்பு இல்லை, இருப்பு.

கணக்குக்காரி
21 பிப்ரவரி

இது சிரிக்கிறதுக்கு.

இந்த மாசம் திருப்பூர், ஈரோடு ரெண்டு ஊர்லயும் ஆடிட்டர் ஆபீசுக்கு உள்ளயே நுழைய முடியலை. வருமான வரிச் சட்டத்துல 43பி(எச்)னு புதுப் பிரிவு. குறு, சிறு நிறுவனத்துக்குத் தரவேண்டிய பணத்தை, எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாளுக்குள்ள, இல்லாட்டி 15 நாளுக்குள்ள கொடுத்துடணும். தாமதமாகி மார்ச் 31-க்கு அக்கட்ட போச்சுன்னா இந்த வருசச் செலவா காட்ட முடியாது, அந்தத் தொகைக்கும் சேர்த்து வரி கட்டணும். ஜாப் ஒர்க் காரங்களுக்கு மாசக்கணக்கா "அடுத்த வாரம் பாக்கலாம்"னு சொல்லிட்டிருந்த பெரிய கம்பெனிங்க எல்லாம் திடீர்னு செக் எழுதுறாங்க. ஒரு ஸ்டிச்சிங் யூனிட்காரர் என்கிட்ட வந்து, "ஏனுங்க்கா, பழைய பாக்கியெல்லாம் வந்துருச்சுங்க, ஏதோ அற்புதமாட்ட இருக்குது"ன்னார்.

லேவியராகமம் 19:13: "கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." இதைத் தினமும் தியானிக்கிறவங்க அசையலை. நிதியமைச்சகம் ஒரு உட்பிரிவு போட்டதும் அசைஞ்சாங்க. எங்க சபை ஐயர்கிட்ட, அதாவது போதகர்கிட்ட, சொன்னேன். சிரிச்சார். ஆனா ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல சேர்த்துக்கலை.

கணக்குக்காரி
25 பிப்ரவரி, மத்தியானம்

இது ரெண்டாவது யோசனை. பல்லடத்தானோட கேள்வியைத் திரும்பப் படிச்சேன். அவன் முதலாளி இல்லை. அவனுக்குப் பிஎஃப் பிடிக்கிறாங்க, அவன் யாருக்கும் பிடிக்கலை. நான் பாட்டுக்கு முதலாளிமாரை வெச்சு சாத்திட்டிருக்கேன், கேட்ட பையனுக்கு அதுல என்ன இருக்கு?

மாறுனதை நமக்கு நாமே பார்த்துக்க முடியுமாங்கிறதுதான் அவன் கேக்குறது. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் பெரும்பாலும் முடியாது. என் கதையவே சொல்றேன். கோபிப் பக்கம் எங்க அப்பாரு காடு, வாய்க்கால் பாயுற பூமி. அப்பா போனதுக்கப்புறம் "ஒரு கையெழுத்துதான் அம்மிணி"ன்னு என்கிட்ட விடுதலைப் பத்திரம் வாங்கினாங்க. பொம்பளப் புள்ளைக்குச் சீர் செஞ்சாச்சு, அப்புறம் பங்கென்னங்கிற அதே பழைய பாட்டு. கிறிஸ்தவங்க ஊட்டுலயும் ராகம் மாறாது. வாங்கினது என் கூடப் பொறந்தவன். சபைக் கமிட்டில இருக்கிறவன், காணிக்கைத் தட்டு எடுக்கிறவன். திருவிருந்துக்கு முழங்கால் போடும்போது அவன் எனக்கு முன்வரிசைல இருந்தான்னா எனக்கு அப்பம் தொண்டையில இறங்காது. பல வருசம் அப்படித்தான்.

மத்தேயு 5:23, 24 தெரியும். காணிக்கையைப் பீடத்துக்கு முன்னால வெச்சுட்டு முதல்ல போய் சகோதரனோட ஒப்புரவாகு. தெரிஞ்சு என்ன பண்ண? அதுல "உன்பேரில் குறை உண்டென்று"தானே இருக்கு, குறை இருக்கிறது எனக்குத்தானே, அவன்தானே வரணும்னு வக்கீல் மாதிரி வாதாடிட்டு இருந்தேன். ஜெபம் பண்ணினேன், உபவாசம் இருந்தேன். மன்னிச்சுட்டேன்னு வாயால சொல்லவும் சொன்னேன். உள்ள அப்படியே இருந்துச்சு.

அப்புறம் ஒரு கல்யாணம், ஒறம்பரை எல்லாம் கூடின இடம். பந்தில பரிமாறிட்டிருந்தேன். பின்னால எங்க சின்னம்மா வந்து, "என்ன புள்ளே, அவன் இலைக்கு ரெண்டு தரம் ரசம் ஊத்துனியே, பேச்சு வந்துருச்சா"ன்னு கேட்டாங்க. எனக்கு ஞாபகமே இல்லை. யாருக்கு ஊத்துறேன்னு பார்க்காம ஊத்தியிருக்கேன். அந்தக் கசப்பு எப்போ போச்சுன்னு எனக்குத் தெரியாது, நான் போக வெச்சதும் இல்லை. காடு இன்னும் அவன் பேர்லதான் இருக்கு. அது தப்புத்தான், கேட்டா நேராச் சொல்லுவேன். கோபமில்லாமச் சொல்லுவேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால தம்பி, ஒண்ணும் மாறலைன்னு நீ சொல்றதை நான் முழுசா நம்பலை. மாறிடுச்சுன்னு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஒண்ணு மட்டும் கேக்குறேன். லைன் சூப்பர்வைசர்னா, யார் எத்தனை பீஸ் தைச்சாங்கன்னு கூலிக்குக் கணக்கு நோட்டு எழுதுறது நீதானே?

கணக்குக்காரி
3 மார்ச்

யாரும் தொடாத ஒண்ணைத் தொடறேன். திட்டுறவங்க திட்டிக்குங்க.

என் பொண்ணுக்கு வரன் பார்க்கிறோம். கிறிஸ்தவ மணமாலைல "விசுவாசக் குடும்பம், சாதி தடையில்லை"ன்னு போட்டவங்க பூரா போன் பண்ணினா ரெண்டாவது நிமிசத்துல கேக்குறது, "நீங்க என்ன ஆளுங்க?" நான் "சி.எஸ்.ஐ. ஆளுங்க"ம்பேன். "அது தெரியுதுங்க, அதுக்கு முந்தி?" அதுக்கு முந்தி ஆதாமுங்கன்னு ஒருதரம் சொன்னேன், போனை வெச்சுட்டாங்க.

கோயமுத்தூருக்கு லண்டன் மிஷன் வந்தது 1830-ல. கருமத்தம்பட்டி மாதா கோயில் அதுக்கும் ரொம்ப முந்தியது. அத்தனை தலைமுறையா ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடறோம். வேதத்துல அந்தியோகியாச் சண்டை இருக்குல்ல, கலாத்தியர் 2. பேதுரு யூதரல்லாத புறஜாதிக்காரங்களோட உக்காந்து சாப்பிட்டிட்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபுகிட்டேர்ந்து யூத ஆளுங்க வந்ததும் மெல்ல எந்திரிச்சு வேற பக்கம் போயிட்டார். பர்னபாவும் கூடவே போயிட்டார். பவுல் எல்லாருக்கும் முன்னால முகத்துக்கு நேரா எதிர்த்தார். பேதுரு அப்போ எந்த உபதேசத்தையும் மறுதலிக்கலை. தட்டை எடுத்துட்டுப் பக்கத்துப் பந்திக்குப் போனார், அவ்வளவுதான். அதையே சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏத்த நடை இல்லைன்னு பவுல் எழுதுறார்.

அந்நியபாஷை பேசுறவங்க, வெள்ளைச் சேலை கட்டுறவங்க, நகை கழட்டினவங்க, எங்களாட்டப் பாமாலைப் பாட்டை நாலு குரல்ல பாடுறவங்க, ஜெபமாலை சொல்றவங்க, எல்லாருக்கும் பொதுவான சோதனை இது. உன் பொண்ணை யாருக்குக் கொடுப்பே? நாங்களும் எழுதிக்கொண்டிருக்கோம், இன்னும் பாஸாகலை. பொண்ணோட அப்பா பக்கத்துப் பெரியவங்க ஒத்துக்காம முறிஞ்சு போன நல்ல வரன் ஒண்ணு இருக்கு.

கணக்குக்காரி
6 மார்ச்

பிஎஃப்னதும் ஓடி வந்தவங்க ஒருத்தரையும் மூணு நாளாக் காணோம்.

கணக்குக்காரி
9 மார்ச்

மலைநாட்டார்னு ஒருத்தர் கேட்டிருக்கார்: குறையவே சொல்றீங்களே, மாறின வாழ்க்கைன்னு எங்காவது பார்த்திருக்கீங்களா?

பார்த்ததில்லை. கல்லறையைப் பார்த்திருக்கேன். எங்க பெண்கள் ஐக்கிய சங்கம் கொல்லிமலைக்கு வேன் எடுத்துட்டுப் போச்சு. காரவள்ளியிலேர்ந்து 70 கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவுக்கு ஸ்தோத்திரப் பாட்டு, மீதி வளைவுக்குப் புளிப்பு மிட்டாயும் பாலித்தீன் பையும். வாழவந்தி நாட்டுல ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் அடக்கம் பண்ணின இடம். இங்கிலாந்துக்காரங்க. 1913-ல கல்யாணம் பண்ணி நேரா மலைக்கு வந்தவங்க. ரோடு கிடையாது, நடை இல்லாட்டி டோலி. அவர் கொஞ்சம் வைத்தியம் படிச்சவர். நரம்புச் சிலந்திப் புழுவைக் காலுக்குள்ளேர்ந்து உருவி எடுப்பார், பல் பிடுங்குவார், தச்சு வேலை சொல்லிக் கொடுப்பார். பல வருசம் ஒருத்தர்கூட அவங்க மார்க்கத்துல சேரலை. இந்தக் காலத்து ஊழிய ரிப்போர்ட்டுல அதை எப்படி எழுதுவாங்கன்னு யோசிச்சுப் பார்த்தேன்.

1929-ல ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சல்ல போயிட்டார். மகன் பால் அப்போ இங்கிலாந்துல படிச்சிட்டிருந்தான். சாவுச் செய்தி தந்தியில முதல்ல போயிருச்சு, அப்பா முன்னமே எழுதிக் கப்பல்ல அனுப்பின கடுதாசிங்க அதுக்கப்புறமும் வந்துட்டே இருந்துச்சாம். அந்த மகன்தான் பின்னால வேலூர்ல தொழுநோயாளிங்க மடங்கிப்போன விரலை நிமித்தி ஆபரேசன் பண்ணின டாக்டர் பால் பிராண்ட்.

ஆனா எனக்கு ஈவ்லின் கதைதான். மிஷன் அவங்களைச் சமவெளியில போட்டுச்சு. வயசாச்சு, இனி அனுப்ப மாட்டோம்னுது. ஒரே ஒரு தவணை ஊழியம் செய்ய அனுமதி கேட்டு வாங்கிட்டு வந்தாங்க. அது முடிஞ்சதும் மிஷன்லேர்ந்து ஓய்வு வாங்கினாங்க, ஓய்வு வாங்கின கையோட மலை ஏறிட்டாங்க. கிட்டத்தட்ட 70 வயசு. குதிரை மேல உக்காந்து மலை மலையாப் போனாங்க. 1974-ல 95 வயசுல இறந்தாங்க, வீட்டுக்காரர் பக்கத்துலயே அடக்கம்.

இதைச் சொன்னா எல்லாரும் "ஆகா"ம்பாங்க. எனக்கு ஆகாவோட ஒரு முணுமுணுப்பும் வரும். அந்தம்மா கூட இருந்து வேலை செஞ்சவங்களைக் கேட்டா என்ன சொல்லியிருப்பாங்க? மேலிடம் வேண்டாம்னதை மீறிப் போற ஆளு, பிடிவாதம் இல்லாம இருந்திருக்காது. பரிசுத்தம் வந்தா பிடிவாதம் போயிரும்னு நம்ம ஆளுங்க சொல்றாங்க. போகலை போலிருக்கு. கழுதை பிடிவாதம்னு ஊட்டுல திட்டு வாங்குற எனக்கு அதுல ஒரு ஆறுதல்.

கணக்குக்காரி
12 மார்ச்

சோமனூர்க்காரர் ஒருத்தர், ஆர்.சி., நல்ல விசயம் எழுதியிருக்கார். பாவசங்கீர்த்தனத்துல திருட்டைச் சொன்னா சாமியார் மன்னிப்புச் சொல்லிட்டு அதோட விட்டுட மாட்டாராம். திருப்பிக் கொடுக்க முடிஞ்சதைக் கொடுத்தாகணும், அது கத்தோலிக்கப் போதனையிலயே உண்டு. எங்க பக்கம் "எல்லாம் சிலுவையில தீர்ந்துச்சு"ன்னு ஒரே வரியில கணக்கை முடிச்சுடறோம். தேவனுக்குத் தரவேண்டியது தீர்ந்திருக்கும். தையக்காரம்மாவுக்குத் தரவேண்டியது தீரலையே.

ஆனா அவரோட நண்பர் கேட்டதா அவர் கேட்டிருக்கிற கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. அந்த நண்பர் சாயப்பட்டறை வெச்சிருந்தவர். 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன பட்டறைங்கள்ல அதுவும் ஒண்ணு. அதுக்கு முந்தி அத்தனை வருசம் சுத்திகரிக்காத தண்ணி நொய்யல்ல போச்சு. கீழ ஒரத்துப்பாளையம் அணையில தேங்குனது, அணைக்குக் கீழ இருக்கிற காடெல்லாம் உப்பு. தென்னை போச்சு, கெணறு போச்சு. இப்போ அவர் மனந்திரும்பிட்டார், நிசமாவே. நாலத்தனையா யாருக்குத் திருப்புறது? ஆத்துக்கா? பேர் தெரியாத விவசாயிக்கா? அந்தத் துணியை மலிவா வாங்கிப் போட்டவங்க பங்கு எங்கே?

சகேயுவுக்குத் தன்கிட்ட ஏமாந்தவங்க யாருன்னு தெரியும், எரிகோ சின்ன ஊரு. எல்லாரும் சேர்ந்து பண்ணின பாவத்துக்குத் தனி ஆள் மனந்திரும்புதல் எப்படியிருக்கும்னு எங்க வேதபாட வகுப்புல இதுவரைக்கும் யாரும் பேசினதில்லை. நீதிமன்றம் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிச்சு, கழிவுத் தண்ணி துளிகூட வெளிய விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் வைக்கச் சொல்லிச்சு. சபைங்க அந்த வருசம் பட்டறை திறக்கணும்னு ஜெபம் பண்ணினதுதான் எனக்கு ஞாபகம். ஆளுங்களுக்கு வேலை போச்சு, அதுவும் நிசம்தான். ஆனா ஆறுக்காக யாரும் ஜெபம் பண்ணிக் கேட்டதில்லை.

கணக்குக்காரி
18 மார்ச்

சும்மா இருக்கலாம்னு பார்த்தா முடியலை. இன்னிக்குக் காலைல என் போனுக்கு வந்த குட்மார்னிங் வசனங்களை எண்ண ஆரம்பிச்சுப் பாதியில விட்டுட்டேன். எல்லாம் "உன்னை உயர்த்துவேன், பெருகப்பண்ணுவேன்". புது வருச வாக்குத்தத்த அட்டையும் அப்படித்தான். "கூலிக்காரனுடைய கூலி"ன்னு ஒரு அட்டை யாருக்காவது வந்திருக்கா? வந்திருந்தா படம் எடுத்துப் போடுங்க, பிரேம் போட்டு அந்த முதலாளி ஆபீசுக்கு அனுப்பி வைக்கிறேன்.

கணக்குக்காரி
25 மார்ச்

நேத்து குருத்தோலை ஞாயிறு. இந்த இழையைப் படிக்கிற எங்க சபைத் தம்பி ஒருத்தன் வாசல்ல நிறுத்திக் கேட்டான்: "அக்கா, நீங்க சொல்றது கிரியையால இரட்சிப்புங்கிற மாதிரி இல்லையா? பிஎஃப் கட்டினா பரிசுத்தவானா?"

நல்ல கேள்வி. ராத்திரி பூரா அதுதான் மண்டைக்குள்ள. லூக்கா 18-ல வர்ற பரிசேயன், சட்டத்தைக் கறாரா கடைப்பிடிக்கிறவன், தசமபாகத்தைச் சரியா கட்டினவன். அவனோட புத்தகத்தை நான் ஆடிட் பண்ணியிருந்தா ஒரு குறை எழுத முடியாது. அந்தக் கதையிலயே வர்ற ஆயக்காரன், அதாவது வரி வசூல்காரன், அவன் புத்தகத்தைத் திறக்கவே பயமாயிருக்கும். நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனது ஆயக்காரன். அதுவும் அதே லூக்காதான், சகேயுவுக்கு ஒரு அதிகாரம் முந்தி.

முதல் பதிவுல நான் போட்ட அளவுகோல் இதை அளக்காது. எனக்குத் தெரிஞ்ச வேற ஒரு முதலாளி இருக்கார். எல்லாம் தேதிக்குள்ள. பிஎஃப், இஎஸ்ஐ, தீபாவளிக்குச் சட்டம் சொல்ற 8.33-க்கு மேலயே போனஸ். ஆனா அவர் உள்ள வந்தா அந்த ஹால்ல ஒருத்தர் மூச்சு விட மாட்டாங்க. செக்கிங் பொண்ணுங்க கை நடுங்கும். அவருக்கும் தெரியும், அதுல ஒரு திருப்தியும் உண்டு. அவரை எந்த லெட்ஜர்ல எழுதுறது?

அதனால இப்போ இப்படிச் சொல்லுவேன்: கூலி கொடுக்கிறது மாற்றத்துக்கு அடையாளம் இல்லை, கொடுக்காதது மாறலைங்கிறதுக்கு அடையாளம். ஒரு பக்கம் மட்டும்தான் அந்தக் கணக்கு வேலை செய்யும். கிருபையில்லாம அந்த முதலாளி தன் குரலை இறக்க முடியாதுன்னும் நம்புறேன். ரோமர் 7-ல பவுலே விரும்பாத தீமையைத்தான் செய்யறேன்னு அழுதிருக்கார். மாறுறது அவ்வளவு சுளுவுன்னா அந்த அதிகாரத்தை எழுதியிருக்க மாட்டார்.

நான் பாட்டுக்குப் பெரிசாப் பேசிட்டுப் போறேன், என்ன பண்றதுன்னு சொல்லலை. நாங்க மூணு பேர் செய்யற ஒண்ணு இருக்கு. கரூர், தாராபுரம் பக்கம் பழைய வெஸ்லியன் மிஷன் ஊருங்க. தாராபுரத்துக்காரி ஒருத்தி சொல்லித்தான் எனக்கு இது தெரியும். ஜான் வெஸ்லி காலத்துல, 1742-ல, பிரிஸ்டல்ல ஜெப மண்டபம் கட்டின கடன் நின்னுச்சு. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, பன்னெண்டு பேருக்கு ஒருத்தர் வீடு வீடாப் போய் வசூல் பண்றதுன்னு முடிவு பண்ணினாங்க. வசூலுக்குப் போனவங்க ஊட்டுக்குள்ள பார்த்தா ஒருத்தன் குடிச்சிருக்கான், ஒருத்தன் பொண்டாட்டியை அடிக்கிறான். வந்து வெஸ்லிகிட்டச் சொன்னாங்க. அப்படித்தான் வாரம் கூடி உன் ஆத்துமா எப்படியிருக்குன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிற வகுப்பு ஆரம்பமாச்சு. கடன் வசூல்லேர்ந்து பொறந்த பரிசுத்தம்! எனக்கு இதைவிடப் பிடிச்ச சபைச் சரித்திரம் கிடையாது.

நாங்க சனிக்கிழமை பொழுதோட, சம்பளம் போட்டு முடிஞ்சதும் கூடறோம். ஒருத்தி டீச்சர், ஒருத்தி டெய்லர், நான். பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. ஒரே கேள்வி: இந்த வாரம் உன்னைப் பார்த்து யார் பயந்தாங்க? முதல் சில வாரம் மூணு பேரும் "யாருமில்லையே"ன்னோம். அப்புறம் டெய்லர்தான் ஆரம்பிச்சா. அவ சொன்னதை இங்க எழுத மாட்டேன். டீயும் வறுக்கியும் உண்டு, அது முக்கியம்.

பல்லடத்தான்
21 ஏப்ரல், இரவு

ஓட்டுப் போட ஊருக்குப் போய்ட்டு இன்னிக்குத்தான் வந்தேன். ரெண்டு மாசமா இந்த இழையைத் தினம் படிக்கிறேன், எழுத வரலை. அக்கா கேட்ட கேள்விக்கு: ஆமாங்க, நோட்டு நான்தான் எழுதறேன். ஒடிசாப் பையன் ஒருத்தன், ஜார்க்கண்ட் பையன் ஒருத்தன், ரெண்டு பேருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அவங்க தைச்ச பீஸ்ல வாரா வாரம் கொஞ்சம் எடுத்து எங்க ஊர்ப் பையன் கணக்குல எழுதிட்டிருந்தேன். அவன் எனக்குப் பாதி தருவான். நீங்க அந்தக் கேள்வி கேட்ட வாரத்தோட நிறுத்திட்டேன். கம்பெனிக்கு இதுல நட்டமில்லை, மொத்த பீஸ் சரியாத்தான் இருக்கும், அதனால யாருக்கும் தெரியாது. ஈஸ்டர் அன்னிக்குக் கீபோர்டு வாசிக்க முடியலை, கை வலின்னு சொல்லிட்டேன். பணத்தைக் காணிக்கைப் பெட்டியில போட்டுடலாமான்னு நினைக்கிறேன். நாலு மடங்கா போடணுமா?

கணக்குக்காரி
21 ஏப்ரல், இரவு 11 மணிக்கு மேல

காணிக்கைப் பெட்டியில போடாதே. அது அந்தப் பசங்க பணம், கர்த்தருக்கு எதுக்கு?

இன்னிக்கு ராத்திரி உனக்குத் தூக்கம் வராது, அதனால வேலை சொல்றேன். பழைய நோட்டுங்க இருக்கும்ல, தூக்கிப் போட்டிருக்க மாட்டீங்க. வாரவாரியா உக்காரு. எத்தனை பீஸ், எந்த ஆபரேசன், அப்போ ரேட் என்னன்னு தனித் தாள்ல எழுது. ஞாபகம் இல்லாத வாரத்துக்குக் குறைச்சுப் போடாதே, கூட்டிப் போடு. உனக்கு வந்த பாதி மட்டும் இல்லை, முழுசும் நீதான் கொடுக்கணும். ஊர்ப் பையன்கிட்ட மீதியை வாங்கிக்கிறது உன் பாடு.

நாலு மடங்கு கேட்டியே. மோசேயோட சட்டத்துல, எண்ணாகமம் 5:7, தானா அறிக்கை பண்றவன் முதலோட அஞ்சுல ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தா போதும். ஆட்டைத் திருடி வித்தவனுக்குத்தான் நாலு. சகேயு தன்னை ஆட்டுத் திருடன் வரிசையில நிறுத்திக்கிட்டான், அது அவன் மனசு. உன் சம்பளத்துக்கு நாலுன்னா கடன் வாங்குவே, வட்டிக்கடையில நிப்பே, அது இன்னொரு கதை. முதலும் 20 சதவீதமும் போடு. அதுக்கு மேல உனக்கும் ஆண்டவருக்கும்.

அப்புறம், பணத்தை மட்டும் நீட்டாதே. என்ன பண்ணினேன்னு சொல்லிட்டுக் கொடு. இந்தி தெரியலைன்னா தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டுப் போ, ஊர்ப் பையனை மட்டும் கூட்டிட்டுப் போகாதே. அவங்க கத்தினா கேட்டுக்கோ. கம்பெனிக்குத் தெரிஞ்சு வேலை போகலாம், போகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். போச்சுன்னா இங்க எழுது, திருப்பூர்ல சூப்பர்வைசருக்கு வேலை இல்லாம இல்லை. நானே நாலு பேர்கிட்டக் கேக்கிறேன், எதுக்காகப் போச்சுங்கிறதையும் சொல்லித்தான் கேப்பேன்.

கணக்குக்காரி
22 ஏப்ரல், காலை

ஒண்ணு விட்டுப்போச்சு. ஈரோட்டுல 42 டிகிரியாம், இங்கயும் கொதிக்குது. வட நாட்டுப் பசங்க பாதிப் பேர் இந்த மாசம் ஊருக்குக் கிளம்புவாங்க. அந்த ரெண்டு பேர்ல யாராவது போயிட்டாங்கன்னா பணத்தை ஆள் கூட்டி வந்த கான்ட்ராக்டர்கிட்டக் கொடுத்தனுப்பாதே, போய்ச் சேராது. ஜிபே நம்பரை வாங்கி அவங்க அக்கவுண்டுக்கே நேரா போடு. போட்டதும் போன் பண்ணி எதுக்குன்னு சொல்லு.